உடைமை உருபு நிற்கும் இடம்
பினாங்கின் பழம்பெயரால் விளங்கும் ஒரு மொழி வரலாறு

பினாங்குத் தீவுக்கு ஆங்கிலேயர் இட்ட முதற்பெயர் இப்போது வழக்கில் இல்லை. 1786ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 11ஆம் நாள், கிழக்கிந்தியக் கம்பெனியாரின் சார்பாகப் பிரான்சிஸ் லைட் என்பார் இத்தீவின் வடகிழக்கு முனையில் கொடியேற்றினார். மறுநாள் இங்கிலாந்தின் பட்டத்து இளவரசர் பிறந்த நாள். அந்நாட்டில் பட்டத்து இளவரசருக்கு வழிவழியாக வழங்கும் பட்டம் ‘பிரின்ஸ் ஆப் வேல்ஸ்’, அதாவது வேல்ஸ் நாட்டு இளவரசர் என்பதாகும். ஆகவே தீவுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. தீவில் எழுந்த நகரத்துக்கோ அவருடைய தந்தையார் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் பெயரால் ‘ஜார்ஜ் டவுன்’ என்று பெயராயிற்று. தந்தை பெயர் நிலைத்தது. மகன் பெயர் மறைந்தது. மலாய் மக்கள் முன்னரே வழங்கிவந்த ‘பூலாவ் பினாங்’, அதாவது பாக்குத் தீவு, என்ற பெயரே இறுதியில் வெற்றி பெற்றது.

மறைந்த அப்பெயரை நாம் இங்கு எடுத்துக்கொண்டது அரச குடும்பத்தின் பெருமையைப் பேசுவதற்கன்று. அவ்விளவரசர் 1820இல் நான்காம் ஜார்ஜ் என்று அரியணை ஏறினார். இத்தீவில் அவர் ஒருநாளும் கால் வைத்ததில்லை. தீவின் உரிமை கடாரத்துச் சுல்தானுடையது. சயாமியரிடமிருந்து தமக்குக் காவல் கிடைக்கும் என்று நம்பி அவர் இடங்கொடுத்தார், காவல் கிடைக்கவில்லை. 1791இல் தீவை மீட்கப் படை திரட்டித் தோற்றார். அதன்பின் ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி என்று உடன்படிக்கை எழுதிக் கையொப்பமிட நேர்ந்தது. இவ்வாறு ஒருவருடைய தீவு மற்றொருவருடைய தீவு என்று எழுதப்பட்டது. ‘உடைய’ என்பது சிறிய சொல்லே. ஆயினும் நிலமும் கூலியும் வாரிசும் அதன்மேல் நிற்கின்றன. அச்சொல்லை ஆங்கிலேயர் தம் மொழியில் எங்கே வைக்கின்றனர், நாம் எங்கே வைக்கிறோம், மலாய்க்காரர் எங்கே வைக்கின்றனர் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு பெயர், மூன்று எழுத்து

பழைய தாள்களைப் புரட்டினால் இத்தீவின் ஆங்கிலப் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். ‘பிரின்ஸ் ஆப் வேல்ஸஸ் ஐலண்ட்’ என்று உடைமை உருபாகிய ‘ஸ்’ஸை முழுதாகச் சேர்த்து எழுதியது ஒன்று. ‘வேல்ஸ்’ என்பதன் பின் மேற்குறி ஒன்றை மட்டும் இட்டு, ‘ஸ்’ஸை விட்டு எழுதியது மற்றொன்று. குறியும் இன்றி உருபும் இன்றி ‘பிரின்ஸ் ஆப் வேல்ஸ் ஐலண்ட்’ என்று விட்டது மூன்றாவது. 1806இல் இத்தீவில் தோன்றிய முதற் செய்தித்தாளும் இத்தீவின் பெயரையே தாங்கி நின்றது. 1807இல் இங்கே நீதிமன்றம் அமைக்க வந்த அரச பட்டயமும் அப்பெயரையே சொல்லிற்று. ஆளுவோர் தாமே சூட்டிய பெயரைத் தாமே ஒரே விதமாக எழுதவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அதற்குக் காரணம் எழுத்தரின் சோம்பல் அன்று. அம்மொழியின் அமைப்பில் இருக்கும் ஒரு முடிச்சே காரணம்.

அம்முடிச்சு யாதெனில்: தீவு யாருடையது? இளவரசருடையது. ஆயின் உடைமை உருபு எச்சொல்லின்மேல் ஏறியிருக்கிறது? ‘இளவரசர்’ என்ற சொல்லின்மேல் அன்று. ‘வேல்ஸ்’ என்ற நாட்டின் பெயர்மேல் ஏறியிருக்கிறது. வேல்ஸ் நாட்டுக்கும் பாக்குத் தீவுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எழுத்தை எழுத்தாகக் கொண்டு படிப்பவன், ‘வேல்ஸினுடைய தீவுக்கு இளவரசர்’ என்று பொருள் கொண்டாலும் அவனைக் குறைசொல்ல முடியாது. ஆங்கிலேயர் அவ்வாறு பொருள் கொள்வதில்லை. அவர்கள் ‘பிரின்ஸ் ஆப் வேல்ஸ்’ என்ற மூன்று சொற்களையும் ஒரே மூட்டையாகக் கட்டி, மூட்டையின் வாயில், கடைசிச் சொல் எதுவாயினும் அதன்மேல், உருபை முத்திரையாகக் குத்துகின்றனர். முத்திரை விழுந்த இடம் வேல்ஸ். முத்திரைக்கு உரியவரோ இளவரசர்.

முன்பு அவ்வாறு இல்லை

இந்த வழக்கம் ஆங்கிலத்தில் தொன்றுதொட்டு வந்ததன்று. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அம்மொழி வேற்றுமை உருபுகள் நிறைந்த மொழியாக இருந்தது. உடைமையைக் காட்ட ஒவ்வொரு வகைப் பெயருக்கும் ஒவ்வோர் ஈறு உண்டு. ஆண்பாலாகக் கொள்ளப்பட்ட பெயர்களிற் பல ‘எஸ்’ என்ற ஈற்றையும், பெண்பாலாகக் கொள்ளப்பட்டவற்றிற் பல ‘எ’ என்ற ஈற்றையும், வேறு சில ‘அன்’ என்ற ஈற்றையும் ஏற்றன.

இதற்குச் சான்று தேடி நூலகம் செல்ல வேண்டுவதில்லை. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியே சான்று. செவ்வாய், புதன், வியாழன் ஆகிய மூன்று நாட்களின் ஆங்கிலப் பெயர்களாகிய டியூஸ்டே, வென்ஸ்டே, தர்ஸ்டே என்பவற்றில் நடுவே ‘ஸ்’ ஒலிக்கிறது. அவை டியு, வோடன், தோர் என்னும் பழைய ஆண் தெய்வங்களின் பெயரால் அமைந்தவை; ‘ஸ்’ என்பது அத்தெய்வங்களின் உடைமை உருபு. வெள்ளிக்கிழமையாகிய ‘பிரைடே’யில் அந்த ‘ஸ்’ இல்லை. அந்நாள் பிரிக் என்ற பெண் தெய்வத்தின் பெயரால் அமைந்தது. பெண்பாலுக்குரிய ‘எ’ ஈறு நாளடைவில் தேய்ந்து மறைந்துவிட்டது. அத்தெய்வங்களை வணங்குவார் இன்று மிகச் சிலரே. அவற்றின் உடைமை உருபோ வாரந்தோறும் வந்து போகிறது. மூடநம்பிக்கை ஒழிந்தாலும் அதன் இலக்கணம் எஞ்சி நிற்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

அக்காலத்தில் ‘இங்கிலாந்து நாட்டு அரசன் மகள்’ என்று சொல்ல விரும்பிய ஆங்கிலேயன், உருபை ‘அரசன்’ என்ற சொல்லின்மேலேயே வைப்பான். பிறகு ‘மகள்’ என்பான். அதன்பின்னரே, விட்டுப்போனதை நினைவு கூர்ந்தவன்போல, ‘இங்கிலாந்தின்’ என்று சேர்ப்பான். உருபு உரியவனிடத்தே இருந்தது. ஆனால் உரியவனுடைய அடைமொழி உரியவனை விட்டுப் பிரிந்து, உடைமைக்கு அப்பால் போய் நின்றது. 1400இல் மறைந்த சாசர் என்ற பெரும்புலவரின் கதைத் தொகுதியில், பாத் என்னும் ஊரைச் சேர்ந்த ஒருத்தி சொல்லும் கதை உண்டு. அதன் தலைப்பு பழைய ஏடுகளில் ‘இல்லாளின் கதை, பாத் ஊரின்’ என்னும் முறையில் அமைந்திருக்கிறது. இன்றைய பதிப்புகளிலோ ‘இல்லாள், பாத் ஊரின்’ என்பதை முதலில் முடித்துவிட்டு, பாத் என்ற ஊர்ப்பெயரின் மேல் ‘ஸ்’ஸை ஏற்றி, அதன்பின் ‘கதை’ என்கின்றனர். ஒரே கதை, ஒரே பெண், ஒரே ஊர். உருபு மட்டும் பெண்ணை விட்டு ஊரின்மேல் ஏறிக்கொண்டது.

இம்மாற்றம் எங்ஙனம் நிகழ்ந்தது? 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் சில நூற்றாண்டுகளில் ஆங்கிலத்தின் ஈறுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தேய்ந்தன. ஆண்பால், பெண்பால் என்ற பெயர்ப் பாகுபாடு அழிந்தது. உடைமை ஈறுகளில் ‘எஸ்’ ஒன்றே எஞ்சி எல்லாப் பெயர்களுக்கும் பொதுவாயிற்று. அவ்வாறு பொதுவானபின் அது ஒரு குறிப்பிட்ட பெயரின் உறுப்பு என்ற உணர்வு மக்களிடத்தே குன்றிற்று. உறுப்பாக ஒட்டியிருந்தது தனித்து எடுத்து ஒட்டத்தக்க ஒரு துண்டாக மாறியது. துண்டாக மாறியபின் அதைச் சொல்லின்மேல் ஒட்டினால் என்ன, சொற்றொடரின்மேல் ஒட்டினால் என்ன? மக்கள் தொடரின் ஈற்றிலேயே ஒட்டினர். தானியரும் சுவீடரும் தம் மொழிகளில் இவ்வாறே செய்கின்றனர். 1620இல் தரங்கம்பாடியில் கோட்டை கட்டிய தானியர் தம் மன்னரின் பொருளைக் குறிக்க வேண்டுமானால், ‘மன்னர்’ என்பதன்மேல் அன்றி ‘டென்மார்க்’ என்பதன்மேலேயே உருபை ஏற்றுவர்.

அறிஞரின் மயக்கம்

உருபின் பிறப்பை மறந்த ஆங்கிலேயர் அதற்குப் புதிய பிறப்பு ஒன்றைக் கற்பித்தனர். ‘ஹிஸ்’ என்றால் ‘அவனுடைய’ என்று பொருள். ‘அரசன் அவனுடைய முடி’ என்பது விரைந்து பேசும்போது ‘அரசன்ஸ் முடி’ ஆயிற்று என்று பலர் நம்பினர். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் அவ்வாறே விரித்தும் எழுதினர். 1711இல் அடிசன் என்ற புகழ்பெற்ற கட்டுரையாளரும் இக்கொள்கையைத் தம் இதழில் எழுதினார். 1755இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன் இதனை மறுத்தார். அவர் காட்டிய காரணம் எளியது: ‘ஸ்’ என்பது ‘அவனுடைய’ என்பதன் சுருக்கமானால், பெண்ணின் பெயருக்குப் பின்னும் அதே ‘ஸ்’ வருவது எப்படி? ‘அரசி அவனுடைய முடி’ என்று யாராவது சொல்வரோ?

பெரியவர் சொன்னார், நெடுநாள் வழங்கிற்று, அச்சிலும் வந்தது என்ற மூன்று சான்றுகளையும் ஒரு கேள்வி கவிழ்த்துவிட்டது. மொழியாராய்ச்சியில் மட்டுமன்று, சாதி, சடங்கு முதலிய எல்லாவற்றிலும் கையாள வேண்டிய முறை இதுவே என்று நாம் கருதுகிறோம்.

மேலே இடும் குறியின் வரலாறும் இத்தகையதே. எழுத்து விட்டுப்போன இடத்தைக் காட்டவே அக்குறி முதலில் வந்தது. உடைமையைக் காட்ட அதனை இடவேண்டும் என்ற கட்டாயம் 18ஆம் நூற்றாண்டில்தான் உறுதிப்பட்டது. பினாங்குத் தீவுக்குப் பெயரிட்ட காலத்தில் அவ்வழக்கம் இளமையாகவே இருந்தது. மூன்று விதமாக எழுதியதற்கு அதுவும் ஒரு காரணம்.

உருபு தொடர்மீது ஏறியபின் அது ஓரிடத்தில் நிற்கவில்லை. ‘மதர்-இன்-லா’ என்பது மாமியாரைக் குறிக்கும். மாமியார் பலரானால் பன்மை ‘ஸ்’ ‘மதர்’ என்ற சொல்லின்மேல் ஏறுகிறது. மாமியாரின் வீடு என்றாலோ உடைமை ‘ஸ்’ கடைசியிலுள்ள ‘லா’ என்பதன்மேல் ஏறுகிறது. ஒலி ஒன்று, இடம் இரண்டு. பன்மை தலைச்சொல்லைத் தேடிப் போகிறது. உடைமை தொடரின் வாலைத் தேடிப் போகிறது. ‘கவர்னர்-ஜெனரல்’ என்ற பட்டத்துக்கும் இதே கதி. அத்தகைய ஒருவரான கார்ன்வாலிஸ் பிரபுவின் பெயரையே இந்நகரத்துக் கோட்டை இன்றும் தாங்கி நிற்கிறது. பேச்சில் இன்னும் துணிந்து, ‘நேற்று நான் பார்த்த மனிதன்’ என்ற பொருள்படும் தொடரின் ஈற்றில், ‘நேற்று’ என்ற சொல்லின்மேலேயே உடைமை உருபை ஏற்றுவாரும் உண்டு. எழுத்தில் அதனைக் கற்றோர் ஒப்புவதில்லை; வாயிலோ அது தடையின்றி வருகிறது.

மலாயும் தமிழும்

இனி நம் அண்டையாரின் மொழியைப் பார்ப்போம். இந்நகரத்தில் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் என்ற பழைய பள்ளிவாசல் இருக்கிறது. இந்நகரத்துத் தமிழ் முஸ்லிம்களின் தலைவராக விளங்கிய காதர் முகைதீன் காலத்தில், 1801இல், கம்பெனியார் அளித்த நிலத்தில் அது எழுந்தது. ‘மஸ்ஜித்’ பள்ளிவாசல், ‘கப்பித்தான்’ தலைவர், ‘கெலிங்’ என்பது தென்னிந்தியரைக் குறிக்க அந்நாளில் வழங்கிய சொல், பிற்காலத்தில் இழிவுப் பொருள் ஏறியமையால் நம்மவர் வெறுக்கும் சொல். மூன்று சொற்களுக்கிடையே உருபு எதுவும் இல்லை. உடைமை முன்னே, உடையவர் அதன் பின்னே, அவரைச் சார்ந்தது அதற்கும் பின்னே என்ற வரிசையே இலக்கணம். வரிசை பிறழாதவரை மயக்கமும் இல்லை. ஆங்கிலத்தில் இதனை ஒட்டுருபு கொண்டு சொல்ல முயன்றால் உருபு தலைவரை விட்டுக் ‘கெலிங்’ மேலேயே விழும். பள்ளிவாசல் தலைவருடையதா, சமூகத்துடையதா என்று கேட்பவன் கேட்கலாம்.

அக்கேள்வி வெறும் இலக்கணக் கேள்வியும் அன்று. கட்டியவர் குடும்பத்துக்கா, கூடியிருந்து தொழும் மக்களுக்கா அறநிலையத்தின் சொத்து உரியது என்ற வழக்கு எல்லாச் சமயத்தாரிடையேயும் எழுவது. நீரிணைக் குடியேற்ற நாடுகளின் அரசாங்கம் 1905இல் முகமதிய, இந்து அறநிலையங்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றி வாரியம் அமைத்தது. ‘யாருடையது’ என்ற கேள்விக்குத் தெளிவான விடை வேண்டியிருந்ததை அச்சட்டமே காட்டுகிறது.

தமிழில் நிலைமை யாது? தமிழில் அடைமொழி எப்போதும் முன்னே வரும். தலைச்சொல் பின்னே வரும். ‘வேல்ஸ் நாட்டு இளவரசருடைய தீவு’ என்கிறோம். தொடரின் ஈறும் இளவரசரே, உடையவரும் இளவரசரே. ஆகவே உருபு தொடருக்கு உரியதா, சொல்லுக்கு உரியதா என்ற கேள்வியே எழுவதில்லை. வடமொழியில் பெயரடையும் தான் தழுவும் பெயரின் வேற்றுமையை ஏற்கும். தமிழிலோ ‘நல்ல மனிதனுடைய’ என்று ஒருமுறை சொன்னாற் போதும். ‘நல்ல’ என்பதன்மேல் ஒன்றும் ஏறாது. முழுத்தொடருக்கும் ஓர் உருபு, அதுவும் ஈற்றில் என்ற முறையைத் தமிழ் தொன்மையாகவே கைக்கொண்டிருக்கிறது. ஆங்கிலம் நெடுந்தூரம் சுற்றி அதே முறைக்கு வந்தது. ஆனால் ஆங்கிலத்தில் அடைமொழியின் ஒரு பகுதி தலைச்சொல்லுக்குப் பின்னே நிற்பதால், ஈறு வேறு, தலை வேறு ஆகிவிட்டது.

இதைக் கண்டு, தமிழ் குறையற்ற மொழி, ஆங்கிலம் குறைபட்ட மொழி என்று மார் தட்டுவோர் நம்மிடை உண்டு. அது அறியாமை. நம் மொழியும் மாறியே வந்திருக்கிறது. உடைமைப் பொருள் ஒன்றாயின் ‘எனது கை’ என்றும், பலவாயின் ‘என கைகள்’ என்றும் சொல்ல வேண்டுமென்பது நன்னூலார் வகுத்த விதி. இன்று ‘என கைகள்’ என்று யாரும் சொல்வதில்லை. மேலும், இருவரைச் சேர்த்துச் சொல்லும்போது நமக்கும் இடர் உண்டு. ‘கருப்பன், முத்து இருவருடைய வீடு’ என்றால் வீடு ஒன்று, உரிமை கூட்டு. ‘கருப்பனுடைய வீடும் முத்துவினுடைய வீடும்’ என்றால் வீடு இரண்டு, உரிமை தனித்தனி. ‘கருப்பன் முத்துவின் வீடு’ என்று விட்டால் நாமும் வழக்குமன்றம் ஏற வேண்டியதுதான். ஒவ்வொரு மொழியும் ஓரிடத்தில் தெளிவையும் ஓரிடத்தில் மயக்கத்தையும் வைத்திருக்கிறது. மயங்கும் இடத்தை அறிந்து விழித்திருப்பவனே மொழியை ஆள்பவன்.

‘சன் ஆப்’ என்னும் இரண்டு சொற்கள்

தோட்டத்திலும் நகரத்திலும் வாழும் நமக்கு இவ்வாராய்ச்சி நேரே தொடும் இடம் ஒன்று உண்டு. நம் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே ஆங்கில ஆட்சியில் ‘சன் ஆப்’, ‘டாட்டர் ஆப்’ என்று எழுதினர். மலேசிய அடையாள அட்டையில் அவ்விடத்தில் மலாயில் ‘அனாக் லெலாக்கி’, ‘அனாக் பெரெம்புவான்’ என்பவற்றின் சுருக்கம் நிற்கிறது. மகன், மகள் என்பதே பொருள்.

இப்போது ‘கருப்பன் சன் ஆப் முத்து’ என்பவருடைய வீட்டை ஆங்கிலத்தில் ஒட்டுருபு கொண்டு எழுதுங்கள். உருபு ‘முத்து’ என்ற பெயரின்மேல் ஏறும். கருப்பனுடைய வீடு என்பதே எழுதியவர் கருத்து. படிப்பவர் கண்ணுக்கோ முத்துவினுடைய வீடுபோலத் தோன்றும். ‘கருப்பன், முத்துவின் வீட்டுப் பிள்ளை’ என்று வேறொருவர் பொருள் செய்தாலும் செய்யலாம். தந்தை உயிரோடிருந்து, மகனும் தனியே பொருள் ஈட்டி, உடன்பிறந்தார் நால்வரும் இருக்கும் குடும்பத்தில் இம்மயக்கம் சிறிதன்று. தந்தையின் சொத்து என்றால் எல்லாருக்கும் பங்கு. கருப்பன் தேடிய சொத்து என்றால் கருப்பனுக்கு மட்டும். இரண்டுக்கும் இடையே நிற்பது ஒரு ‘ஸ்’.

தமிழில் ‘முத்து மகன் கருப்பனுடைய வீடு’ என்றால் ஐயத்துக்கு இடமில்லை. மலாயில் ‘வீடு, கருப்பன், மகன், முத்து’ என்ற வரிசையில் அமைவதால் வீடு கருப்பனை ஒட்டி நிற்கிறது. அதிலும் தெளிவு உண்டு. ஆங்கிலத்திலும் தெளிவு வேண்டுவோர்க்கு வழி இல்லாமல் இல்லை. ஒட்டுருபை விட்டு, ‘ஆப்’ என்ற சொல்லைக் கொண்டு வீட்டை முதலில் எழுதி, பிறகு கருப்பனை எழுதி, ஒரு காற்புள்ளி இட்டு, அதன்பின் ‘முத்துவின் மகன்’ என்று எழுதினால் எந்த வழக்கறிஞராலும் அதனைத் திரிக்க இயலாது. பத்திரம், உயில், கடன்சீட்டு, சங்கத்துச் சொத்துப் பதிவு முதலியவற்றை எழுதுவிக்கும் நம்மவர், கிராணியார் எழுதியதே வேதம் என்று கைநாட்டு வைக்காமல், உருபு எங்கே விழுந்திருக்கிறது என்று ஒருமுறை படித்துப் பார்ப்பாராக. ஆங்கிலம் தெரியாதவர் தெரிந்த பிள்ளைகளைக் கொண்டு படிப்பிப்பாராக. இளைஞர்கள் ஆங்கிலம் கற்பதன் பயன் துரைமார் முன் சலாம் போடுவது அன்று. தாய்தந்தையர் கையொப்பமிடும் தாளைச் சரிபார்ப்பதே ஆகும்.

இன்னொரு தொல்லையும் இதிலிருந்தே பிறக்கிறது. மேல்நாட்டார் பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கொள்வர். ‘கருப்பன் மகன் முத்து’ என்று நம் முறையில் எழுதினால் கடைசியில் நிற்பவன் உரியவன். ‘முத்து சன் ஆப் கருப்பன்’ என்று அவர்கள் முறையில் எழுதினால் கடைசியில் நிற்பவர் தந்தை. எனவே பிறநாட்டு அலுவலகத்தில் தந்தை பெயரைச் சொல்லி மகனை அழைக்கின்றனர். பெண்ணாயின் ஆண்பெயரால் அழைக்கப்பட்டுத் திகைக்கிறாள். ஒரு தாளில் ஒரு முறையும் மற்றொரு தாளில் மற்றொரு முறையுமாகப் பெயர் எழுதப்பட்டால், இருவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்க அலைய நேரிடும். பிள்ளை பிறந்தவுடன் பெயரைப் பதிவு செய்யும்போதே ஒரே முறையில், ஒரே எழுத்தில் பதிவு செய்தல் நலம்.

பெயரின் ஈற்றில் நிற்பது யாது என்ற கேள்வி சீர்திருத்தக்காரருக்குப் புதிதன்று. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின் சாதிப் பட்டம் இடுவதை விட்டொழிக்க வேண்டுமென்று தீர்மானித்தது. அதே ஆண்டு டிசம்பரில் பெரியார் ஈ. வெ. இராமசாமி மலாயாவுக்கு வந்தபோது பினாங்கில்தான் கரையிறங்கினார். பெயரின் வாலில் நிற்கும் சொல் முழுப்பெயருக்கும் முத்திரையாகிறது என்று மேலே கண்டோம். அவ்விடத்தில் சாதியை நிறுத்தினால் மனிதனே சாதிக்கு உடைமையாகிறான். அதனை வெட்டியது அழகுக்காக அன்று; உரிமைக்காகவே.

ஆள் உடைமையன்று

இறுதியாக, நம் பழைய இலக்கணத்தில் உள்ள ஒரு செய்தியைக் கூற விரும்புகிறோம். ஆறாம் வேற்றுமையின் உருபு ‘அது’ என்று தொல்காப்பியர் வகுத்தார். அதன் பொருள் கிழமை, அதாவது உரிமை. சாத்தனது கை, சாத்தனது வீடு என்பன போல வரும். ஆனால் உடையவனுக்கு உறவாகச் சொல்லப்படுவது வீடோ மாடோ அன்றி மனிதனேயானால், அத்தொகையை விரிக்கும்போது ‘அது’ என்ற உருபு கெட்டு, அதனிடத்தில் ‘கு’ வரும் என்று அவரே விதி செய்தார். ‘நம்பி மகன்’ என்பதை ‘நம்பியது மகன்’ என்று விரிக்கலாகாது. ‘நம்பிக்கு மகன்’ என்றே விரிக்க வேண்டும். ‘அது’ என்பது அஃறிணைக்குரிய சொல். உயர்திணையாகிய மனிதனை அவ்வுருபால் கட்டலாகாது என்பது இதன் கருத்து. ஆங்கில உருபு இந்த வேறுபாட்டை அறியாது. அரசனுடைய நாயும் அரசனுடைய மகளும் அதற்கு ஒன்றே. இன்றைய தமிழில் நாம் வழங்கும் ‘உடைய’ என்பதும் அவ்வேறுபாட்டை மறந்துவிட்டது.

இவ்விதி இருந்த நாட்டில் மனிதன் மனிதனை ஆண்டதில்லையா? ஆண்டான். பண்ணையாள் என்றும் அடிமை என்றும் நிலத்தோடு சேர்த்து விற்றதும் தமிழ்நாட்டிலேயே நடந்தது. இந்தியாவில் அடிமையுரிமையைச் சட்டம் ஏற்காது என்று 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் வந்த பின்னரும் பண்ணையடிமை வேறு பெயர்களில் தொடர்ந்தது. கடல் கடந்து இங்கு வந்தபின்னும் ‘இன்ன கங்காணியின் ஆட்கள்’ என்றே நம் முன்னோர் எண்ணப்பட்டனர். பிரட்டுக்கு வந்து நின்ற தலை ஒன்றுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவில் 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி ஆள்கட்டு, இந்திய அரசாங்கம் 1938இல் தடை விதித்ததோடு முடிவுற்றது. இலக்கணம் மட்டும் மனிதனை விடுவிக்கவில்லை. சட்டமும் சங்கமும் கல்வியும் போராட்டமும் சேர்ந்தே விடுவித்தன. ஆயினும், மனிதன் உடைமைப் பொருளல்லன் என்ற எண்ணம் நம் இலக்கண ஏட்டிலேயே இடம்பெற்றிருக்க, நம் வாழ்க்கையில் அதை இடம்பெறச் செய்ய நாம் இத்துணைக் காலம் எடுத்துக்கொண்டோம் என்பது வெட்கத்துக்குரியது.

தன்னுடைய தீவு என்று ஓர் இளவரசர் பெயரால் எழுதப்பட்ட பெயர் மறைந்தது. பாக்குமரத்தின் பெயர் நிலைத்தது. பெயர் எழுதுவோர் எழுதலாம். வாழ்வோர் வழங்குவதே நிற்கும். ஆகவே தமிழ் மக்கள் தம் பெயரையும் தம் உழைப்பின் பயனையும் பிறர் எழுதியபடி விட்டுவிடாது, யாருடையது என்ற இடத்தில் யார் பெயர் நிற்கிறது என்று தாமே கவனித்துப் பழகுவார்களாக. அப்பழக்கம் வேண்டுமானால் எழுத்தறிவு வேண்டும். எழுத்தறிவு வேண்டுமானால் ஒவ்வொரு தோட்டத்துப் பிள்ளையும், ஆணும் பெண்ணும், பள்ளியில் நிலைத்து நின்று படித்தல் வேண்டும்.